காற்று பார்த்து நடந்தவர்

என் வீட்டுக்காரரின் பெயரை நான் வாயால் சொன்னதே கிடையாது. எழுதினால் குற்றமில்லை என்று என் மகள் சொல்கிறாள். வேதமுத்து. பதினேழு வயதில் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்து, பம்பாய்த் தாராவியில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கியவர். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, முடி இளகியதும் இழுத்துப் போட்டு வழித்தெடுக்கிற வேலை. முப்பது வருஷம் அதைத்தான் செய்தார். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, கை நீட்டுகிற பழக்கம் கிடையாது. கை நீட்டியிருந்தால் நானும் சும்மா இருந்திருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு பயம்தான். தன் மேல் தோல் நாற்றம் அடிக்கிறது என்ற பயம். தினமும் சாயங்காலம் குழாயடியில் சிவப்புச் சோப்பைத் தேய்தேய் என்று தேய்த்துக் குளித்துவிட்டு, துண்டோடு வாசலில் வந்து நிற்பார்.

"ஏளா, வருதா?"

நான் அடுப்பைப் பார்த்தபடியே, "வரல, உள்ள வாங்க" என்பேன்.

பொய்தான். நன்றாகவே வரும். சோப்பு வாசனைக்குள்ளிருந்து சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த வாடை மெல்ல எழுந்து வரும். ஆனால் அது அவருக்குத் தெரியாது. குழியில் நிற்கிறவர்களுக்கு நாலைந்து வருஷத்தில் மூக்கு மரத்துப்போய்விடும். வீட்டில் கருவாடு கருகினால்கூட நான்தான் சொல்லவேண்டும். தன் நாற்றத்தைத் தானே அறிய முடியாத மனுஷன், ஊரார் முகத்தைப் பார்த்துத்தான் அறிந்துகொள்வார். ரயிலில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போனால் அன்றைக்கு இன்னொரு குளியல் உண்டு.

எங்களுக்கு ஒரே மகள், லூர்து மேரி. டீச்சர் ட்ரெயினிங் முடித்தவள். அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது மாகிமிலிருந்து ஒரு வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் கோலி, ஒற்றை அறை வீடு, இருந்தது டேனரிச் சந்திலேயே. மாப்பிள்ளையின் அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தாள், பொத்திக்கொண்டே ஐந்து நிமிஷம் உட்கார்ந்தாள், வைத்த காப்பியைத் தொடாமலே எழுந்தாள். மறுநாள், ஒத்துவராது என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்த டம்ளரை எடுத்துச் சாக்கடையில் வீசினேன். அவர் குழாயடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். நடுப்பகலில், தண்ணீர் வராத குழாயடியில்.

அடுத்த வருஷம், 1968-இல், செம்பூரிலிருந்து இன்னொரு வரன் வந்தது. பையன் ஞானசேகரன், துறைமுகத்தில் கிளார்க். அப்பா இல்லை. அம்மா தெரசம்மாள் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா. தரகர் மூலமாக அந்த அம்மாள் இரண்டே நிபந்தனைதான் சொல்லி அனுப்பினாள். ஒன்று, சாதி என்னவென்று நான் கேட்க மாட்டேன், நீங்களும் கேட்கக்கூடாது. இரண்டு, பெண்ணைப் பார்த்த அன்றைக்கே உண்டு இல்லை என்று சொல்லிவிடுவேன், இழுத்தடிக்கமாட்டேன். கேட்டதும் எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"வீட்டுக்கு வரச் சொல்லுவோமா?" என்றேன்.

"இந்தச் சந்துக்கா? வேண்டவே வேண்டாம்" என்றார் அவர். பிறகு, "நடைக்கு வரச் சொல்லு. வெட்டவெளி. காத்து கொண்டுபோயிரும்" என்றார்.

நடை என்றால் எங்கள் கோயில் ஆட்களின் வருஷ நடை. விபூதிப் புதனுக்கு முந்தின ஞாயிறு, நாற்பது நாள் தபசு தொடங்குமுன் கடைசியாகக் கறி தின்கிற நாள். காலைப் பூசை முடிந்ததும் சயானில் ரயிலேறி, ஊருக்கு வெளியே எங்காவது இறங்கி, வயல் வழியாகப் பாட்டும் பேச்சுமாக நடந்து, ஆற்றங்கரையில் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்புவோம். மாட்டுங்கா லேபர் கேம்ப் மிக்கேல்ராஜ்தான் எல்லாவற்றுக்கும் தலைவர். ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆள். கழுத்தில் விசில் தொங்கும், அரைமணிக்கு ஒருதரம் தலையை எண்ணுவார்.

அந்த ஞாயிறு விடியுமுன்னே என் வீட்டுக்காரர் எழுந்து, பெண்கள் வரிசையில் போய் நின்று தண்ணீர் பிடித்து மூன்று தடவை குளித்தார். எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்தார். போதாதென்று, யாரிடமோ வாங்கிவந்த அத்தரைக் கழுத்தில் பூசிக்கொண்டு வந்து நின்றார் பாருங்கள், எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. தோலும் அத்தரும் சேர்ந்த வாடையை எந்தச் சத்துருவுக்கும் தரக்கூடாது. ஈரத் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டேன்.

"வருதா?"

"வரல."

"பொறவு எதுக்குத் தொடைக்க?"

"அத்தர் ஒங்களுக்குப் பொருந்தல. ஆளப் பாரு, மாப்பிள மாதிரி!" என்று சமாளித்தேன்.

கிளம்புகிறபோது என் கையைப் பிடித்து நிறுத்தினார். "நாத்தப் பேச்சு அவுக காதுல விழவே கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணு." பண்ணினேன். வேறென்ன செய்வது?

கல்யாணில் வண்டி மாறிப் பத்லாபூரில் இறங்கினோம். நாற்பது பேருக்குக் குறையாது. ஸ்டேஷனைத் தாண்டியதும் அறுத்த நெல்வயல்கள். காலைக் குளிர் இன்னும் போகவில்லை. வரப்போரத்தில் புரச மரங்கள் ஓர் இலைகூட இல்லாமல் உடம்பெல்லாம் பூவாக நின்றன. மாமரங்கள் பூத்து, கீழே நடந்தால் தலையில் தூசாக உதிர்ந்தது. பம்பாயில் வருஷம் முழுக்கப் புகையைக் குடித்த பெண்கள் எல்லோரும் சின்னப் பிள்ளைகள் போல ஆகிவிட்டோம். நானே செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

தெரசம்மாள் மெலிந்த உடம்பு, விறுவிறுவென்று நடை. வந்ததும் லூர்து மேரியின் தாடையைப் பிடித்துப் பார்த்தாள். "நல்லாச் சாப்பிடுவியாம்மா?" என்று கேட்டாள். இவள் "சாப்பிடுவேன்" என்றதும் சிரித்துவிட்டாள். பெண் பார்ப்பது அதோடு முடிந்தது. பையன் கொஞ்சம் கூச்சக்காரன். மிக்கேல்ராஜ் கொடுத்த பாட்டுத் தாளை வைத்துக்கொண்டு முழித்தான். பேச்சு வரும், தமிழ் எழுத்து அவனுக்கு ஓடாது. லூர்து மேரி பக்கத்தில் போய் விரல் வைத்து வாசித்துக் காட்டினாள். மூன்றாவது பாட்டுக்குள் இரண்டு பேரும் இந்திக்குத் தாவிவிட்டார்கள். தாள் மட்டும் இரண்டு பேர் கையிலும் இருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மாதாவே, இது நடக்கட்டும் என்று சேலைக்குள் கையை வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டேன்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இவரைத் தவிர. தோல் வேலை பார்த்தவர்களுக்குக் காற்றடிக்கும் திக்கு நன்றாகத் தெரியும், தோலை உலர்த்துகிறவர்களாயிற்றே. காலையில் கிழக்கு மலையிலிருந்து காற்று வந்தது. ஆகவே இவர் கூட்டத்துக்கு மேற்கே இருபது அடி தள்ளி, வரப்பை விட்டிறங்கி அறுத்த நெல்தாளுக்குள் நடந்தார். பாதை வளைந்தால் இவரும் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போவார். நடுநடுவே ஒரு புல்லைக் கிள்ளிப் பறக்கவிட்டுப் பார்ப்பார்.

"அண்ணாச்சி, வாங்க, பேசிட்டே போவோம்" என்று தெரசம்மாள் கூப்பிட்டாள்.

"இருக்கட்டும் தங்கச்சி, நீங்க நடங்க" என்று கையை ஆட்டிவிட்டு இன்னும் பத்தடி தள்ளிப் போனார்.

அவள் அவரை நோக்கி இரண்டு தரம் வரப்பிறங்கினாள். இரண்டு தரமும் இவர் ஒதுங்கினார். மூன்றாவது தரம் அவள் இறங்கவில்லை. என் பக்கம் திரும்பி, "மதினி, அண்ணாச்சிக்கு எங்களப் புடிக்கலையா?" என்று கேட்டாள்.

"ஐயோ, அதெல்லாம் இல்ல மதினி. அவுக சுபாவம் அப்படி" என்றேன். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கிவிட்டது. நான் அவர் அருகில் போய்ப் பல்லைக் கடித்தேன். "ஒரு வார்த்தை பேசினா என்ன கொறஞ்சிரும்? சம்பந்தி முகத்தக் கூடப் பாக்காம நடக்கியளே!"

"பேசுவேன், பேசுவேன். காத்து கொஞ்சம் நிக்கட்டும்" என்றார். இந்த மனுஷனை என்ன செய்ய?

ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பெரிய மாமரத்தடியில் பந்தி போட்டோம். தைத்த இலை, சோறு, டோப்பு என்கிற பெரிய பாத்திரம் இரண்டு நிறையக் கறிக்குழம்பு. நான் சோறு பரிமாறினேன். இவர் வரிசையின் மேற்குக் கடைசியில், காற்றுப் போகிற பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தார். சரி, பந்தியிலாவது உட்கார்ந்தாரே என்று நான் நிம்மதியாகக் குழம்பு வாளியை எடுத்தேன்.

தெரசம்மாள் தன் இலையை எடுத்துக்கொண்டு நேரே அவர் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். "காலையிலேருந்து ஓடுதிய. இப்ப எங்க ஓடுவிய அண்ணாச்சி?" என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். சோற்றில் குழம்பு விழுந்தது.

அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பிவிட்டது. மதியத்தில் கடல் பக்கமிருந்து வருகிற காற்று, மேற்கிலிருந்து. அவர் முகத்தில் அது பட்டதை நான் பார்த்தேன். கையிலெடுத்த கவளத்தை இலையில் போட்டார். இலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு எழுந்தார். பந்தி முழுவதையும் சுற்றிக்கொண்டு, கிழக்குக் கடைசிக்கும் அப்பால் ஒரு புரச மரத்தடியில் போய்த் தனியாக உட்கார்ந்தார்.

தெரசம்மாள் சோற்றில் கை வைத்தபடி காலியான இடத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"சேகரு, எந்திரி. கையக் கழுவு."

"அம்மா, க்யா ஹுவா?" என்ன ஆச்சு என்று இந்தியில் கேட்டான் பையன்.

"எந்திரின்னேன். எங்க ஊர்க் கோயில்ல நடுவுல கம்பி. அந்தப் பக்கம் அவுக, இந்தப் பக்கம் நாங்க. அவுக சாமியார் கையால நன்மை வாங்கி எந்திரிச்ச பொறவுதான் எங்களுக்கு. அது வேண்டாம்னுதான எங்கய்யா எங்களக் கூட்டிக்கிட்டு பம்பாய்க்கு வந்தாரு. சாதி கேக்காதீங்கன்னு சொன்னேன். கேக்கல. ஆனா விசாரிச்சிருக்கீங்க. பக்கத்துல உக்காந்ததும் எலையத் தூக்கிட்டுப் போறீங்கன்னா வேற என்ன?"

லூர்து மேரியின் கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது. அது சாய்ந்து கொட்டுவதுகூடத் தெரியாமல் நின்றாள். என் பிள்ளையின் வாழ்க்கை ஓர் இலையோடு எழுந்து போய்க்கொண்டிருக்கிறது. என் வாயோ மாதா மேல் வைத்த சத்தியத்தால் கட்டிக்கிடக்கிறது. சொன்னால் நாற்பது பேர் முன்னால் அவர் மானம் போகும். சொல்லாவிட்டால் மகள் போவாள். வாளியைத் தரையில் நங்கென்று வைத்தேன்.

"இந்தா பாருங்க! நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டுமா?"

அவர் எழுந்தார். இலையைக் கீழே வைக்கவும் தோன்றாமல் கையில் ஏந்தியபடியே நின்றார். குழம்பு மணிக்கட்டில் வழிந்தது.

"தங்கச்சி, சத்தியமா அது இல்ல. காத்து மாறிட்டு. அதான் எந்திரிச்சேன்." என்றார். "முப்பது வருசம் தோல் குழியில நின்ன ஒடம்பு. நாத்தம் அடிக்கும். எவ்வளவு அடிக்கும்னு எனக்குத் தெரியாது, எனக்கு மூக்கு கெடையாது. போன வருசம் பொண்ணு பாக்க வந்தவுக மூக்கப் பொத்திட்டுப் போயிட்டாக. இன்னைக்கும் என்னால எம் புள்ளைக்குக் கெட்டுறக் கூடாதுன்னு காலையிலேருந்து காத்துப் பாத்து நடந்தேன். சாதின்னிய... எங்க ஊர்க் கோயில்லயும் கம்பி இருந்திச்சி. நாங்க நின்னதும் நீங்க நின்ன பக்கந்தான்."

மிக்கேல்ராஜ் விசிலை வாயில் வைத்துவிட்டு ஊதாமல் எடுத்தார். தெரசம்மாள் பந்தியைத் தாண்டி, அவரிடம் நடந்தாள். அவர் பின்னால் நகர்ந்தார். மரம் இடித்தது.

"நில்லுங்க அண்ணாச்சி."

பக்கத்தில் போய், அவர் தோளருகே முகத்தைக் கொண்டுபோய், எல்லோரும் பார்க்க இழுத்து மோந்து பார்த்தாள். எனக்கு உயிரே போயிற்று.

"வருது" என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வரலன்னு சொன்னா பொய்யி. சுண்ணாம்பும் தோலுமா நல்லாவே வருது. அதுக்கென்ன இப்ப? நான் இருபத்திரண்டு வருசமா ஆஸ்பத்திரில ஆயா. பீ மூத்திரம் அள்ளுன கையி, புண்ணு கழுவுன கையி. அந்த வாடையோடதான் இவனத் தூக்கி வளத்தேன். அந்தக் கையால ஆக்கிப்போட்ட சோத்தத் தின்னுதான் இவன் கிளார்க்கானான். ஒங்க பக்கத்துல உக்காந்தா எனக்குச் சோறு எறங்காதா? நான் என்ன மகாராணியா?" அப்படியே வேரின் மேல் உட்கார்ந்தாள். "சேகரு, ரெண்டு எலையையும் இங்க கொண்டா. மதினி, கறி ஆறுது, ஊத்துங்க. ஈஸ்டர் முடிஞ்ச மறு ஞாயிறு ஓலை வாசிக்கச் சொல்லிருவோம்."

ஓலை வாசிப்பது என்றால் கோயிலில் கல்யாண அறிவிப்பு. நான் குழம்பு ஊற்றப் போனேன். கண்ணீரில் இலை தெரியவில்லை. பாதியைத் தரையில் ஊற்றினேன். தெரசம்மாள் என்னையும் திட்டினாள். திட்டட்டும், சம்பந்தி ஆகிவிட்டாளே. இவர் தலையைக் குனிந்தபடி சின்னப் பிள்ளை போலச் சாப்பிட்டார். இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கினார். வெளி இடத்தில் அவர் மறு சோறு கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வெயில் தாழ்ந்ததும் ஸ்டேஷனைப் பார்த்துத் திரும்பினோம். முன்னால் பாட்டு. தெரசம்மாள்தான் எல்லாரையும் விடச் சத்தமாகப் பாடினாள், ஒரு சுருதியிலும் நிற்காமல். பிள்ளைகள் இரண்டும் பேசிக்கொண்டே பின்தங்கிப் பின்தங்கி மிக்கேல்ராஜிடம் விசிலடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் அவரும் காலி டோப்பை ஆளுக்கொரு காதாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தோம். வெகுதூரம் போன பிறகு கூப்பிட்டார்.

"ஏளா."

"என்ன?"

"வருதுன்னு அந்தத் தங்கச்சி சொல்லிச்சே."

"ஆமா."

"நீ இருபத்தோரு வருசமா வரலன்னு சொன்ன."

மாட்டிக்கொண்டால் எனக்குக் கோபம்தான் வரும். டோப்பைக் கீழே வைத்துவிட்டேன்.

"பொய்தான் சொன்னேன். கல்யாணமான மொதல் ஆறு மாசம் வெளிய போய் வாந்தி எடுப்பேன், தெரியுமா? ஆத்தா, அக்கான்னு எல்லாரும் புள்ள உண்டாயிருக்கான்னு நெனச்சாங்க. ஒவ்வொரு நாளும் இன்னைக்குச் சொல்லிரணும்னு வாயெடுப்பேன். நீங்க துண்டோட வந்து நிப்பிய. ஒங்க மூஞ்சப் பாத்தா வாய் வராது. சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பிய? பாயச் சுருட்டிட்டுச் சந்துல போய்ப் படுத்திருப்பிய. இன்னைக்கு எலையத் தூக்கிட்டுப் போனமாரியே போயிருப்பிய. வருசம் பூரா அங்கதான் கெடந்திருப்பிய. ஒங்கள எனக்குத் தெரியாதா? நாத்தத்தோட நான் இருந்துருவேன். நீங்க இல்லாம எப்படி இருப்பேன்? எனக்கு நீங்க பக்கத்துல வேணும்யா."

முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் தொண்டை அப்படி.

அவர் டோப்பைத் தானே எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். ஸ்டேஷன் வருகிற வரைக்கும் என்னை உரசிக்கொண்டே நடந்தார்.